மேசை மட்டும் போதாது: கன்னிவாடி போன்ற ஊர்களுக்கு ஒரு பொதுப் பணியிடம்

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிடம் "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால், "ஒரு கடை போடலாம்னு இருக்கேன்" என்பதே பெரும்பாலும் பதில். கடைக்கு அட்வான்ஸ், ரேக், போர்டு என்று சேமிப்பில் பாதி கரைந்துவிடுகிறது. வியாபாரம் ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்குள் கையிருப்பும் தீர்ந்து, மறுபடியும் விசாவுக்கு அலைகிறார்கள். இன்னொரு பக்கம், பட்டம் படித்த நம் பெண்பிள்ளைகள் கணக்கு எழுதவும் டிசைன் செய்யவும் தெரிந்திருந்தும், உட்கார்ந்து வேலை பார்க்க இடமில்லாமல் வீட்டோடு இருக்கிறார்கள்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் உதவக்கூடிய ஓர் ஏற்பாடுதான் பொதுப் பணியிடம். இதைத்தான் 'கோ-வொர்க்கிங் ஸ்பேஸ்' என்கிறார்கள்.

பொதுப் பணியிடம் என்றால் என்ன?

தனித்தனித் தொழில் செய்யும் பலர் ஒரே கூடத்தில் அமர்ந்து, வாடகை, இணையம், மின்சாரம், பிரிண்டர் ஆகிய செலவுகளைப் பங்கிட்டுக்கொள்வது. எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 1,500 ரூபாய்தான். தொழில் சரிப்படாவிட்டாலும் நஷ்டம் அதோடு நின்றுவிடும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2005 ஆகஸ்டில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் பொறியாளர் இப்படி ஓர் இடத்தைத் தொடங்கினார். வாரத்தில் இரண்டே நாள், சில மேசைகள். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு அவரே ஆட்களைத் தேடிப் பேசி அழைத்த பின்புதான் இடம் உயிர் பெற்றது. மேசை போட்டால் மட்டும் ஆள் சேராது என்பதே நமக்கு அதில் கிடைக்கும் முதல் பாடம்.

நம் மாநிலத்தில்

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பர் 4 அன்று 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. அங்கே 38 பேர் அமர்ந்து தொழில் பார்க்கலாம். திறந்தபோது வைத்த கட்டணம் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100, மாதத்துக்கு 2,500. மாணவர்கள் படிக்கத் தனி இடமும் உண்டு.

"அது சென்னை, நம்ம ஊருக்குச் சரிவருமா?" என்று கேட்கலாம். நம் வட்டாரமே இதற்குப் பதில் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கன்னிவாடி வட்டாரத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தது. மகளிர் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று, பயிரைத் தாக்கும் புழுக்களின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியை வளர்த்து விவசாயிகளுக்கு விற்றார்கள். 2004 அக்டோபரில் இஸ்ரோவும் அந்த நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழியே இணைத்த முதல் கிராம வள மையங்களில் ஒன்று, பக்கத்துச் செம்பட்டியில் அமைந்தது. பொது இடம், பயிற்சி, விற்க வழி மூன்றும் கிடைத்தால் கிராமத்திலும் தொழில் நடக்கும் என்பதை நாம் நம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம்.

எப்படித் தொடங்குவது?

முதலில் இடம். நம் ஊர்களில் மதரஸா மாடியும் ஷாதி மஹாலும் பல நாட்கள் பூட்டியே கிடக்கின்றன. வக்ஃபு சொத்தாக இருந்தால், அது எந்த நோக்கத்துக்காக வக்ஃபு செய்யப்பட்டது என்று பார்த்து, உரிய அனுமதியோடும் நியாயமான வாடகையோடும்தான் பயன்படுத்த வேண்டும். வாரம் இரண்டு நாள், ஐந்து பேர் என்று தொடங்கினாலே போதும். பெண்களுக்குத் தனி நேரமோ தனி அறையோ வைத்தால்தான் வீட்டார் தயங்காமல் அனுப்புவார்கள்.

அடுத்தது முகவரி. இட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் இருந்தால் அந்த முகவரியிலேயே ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சிறுதொழிலுக்கான 'உத்யம்' பதிவுக்குக் கட்டணமே இல்லை. இது தெரியாமல் இடைத்தரகர்களிடம் பணம் கட்டுகிறவர்கள் நம்மில் பலர்.

மூன்றாவதுதான் முக்கியம்: பழக்கம். வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் எல்லோரும் உட்கார்ந்து, யாருக்கு எந்தச் சரக்கு வேண்டும், யாருடைய பாக்கி வராமல் நிற்கிறது என்று பேச வேண்டும். திண்டுக்கல்லில் தோல், பூட்டு வியாபாரத்தில் தலைமுறை அனுபவம் உள்ள பெரியவர்களை மாதம் ஒருமுறை அழைத்து, லாபம் வந்த கதையோடு நஷ்டப்பட்ட கதையையும் கேட்க வேண்டும்.

எழுதிக்கொள்வோம்

ஒரே இடத்தில் பழகினால் கூட்டுத் தொழிலும் வரும். அங்கேதான் நாம் சறுக்குகிறோம். "மச்சான்தானே, நம்ம பையன்தானே" என்று வாய்ப்பேச்சில் தொடங்கி, கடைசியில் தொழிலும் போய் உறவும் முறிந்த குடும்பங்கள் எத்தனை! கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. யார் எவ்வளவு முதல் போட்டார், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதை முதல் நாளே எழுதிச் சாட்சி வைத்துவிட வேண்டும்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். நம் பிள்ளைகளுக்கும் அந்த வழியைக் காட்ட ஜமாஅத்தார் ஒரு கூடத்தைத் திறந்துவிட்டால், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.