மறுமுனையில் பேசுவது யார்?

1995 ஜூன் 8, அதிகாலை 2 மணி. பாஸ்னியாவின் மலைகளுக்கு மேல் அமெரிக்க எஃப்-16 போர் விமானம் ஒன்று இருட்டில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. விமானி தாமஸ் ஹான்ஃபர்டுக்கு அன்றைய சுற்றுக்காவல் முடிந்துவிட்டது. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் தளத்துக்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆறு நாள்களுக்கு முன் இதே மலைகளில் ஏவுகணை தாக்கி விழுந்த சக விமானி ஸ்காட் ஓ'கிரேடியை ரேடியோவில் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்.

இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல் ஒன்று கேட்டது. 'பாஷர் 52' என்றது அந்தக் குரல். அது ஓ'கிரேடியின் அழைப்புப் பெயர்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் கத்திக் கூப்பாடு போட்டிருப்போம். ஹான்ஃபர்ட் அப்படிச் செய்யவில்லை. கொரியாவில் பணியாற்றியபோது எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டார். 'ஜூவட்ஸ்' என்று அந்தப் பிரிவின் செல்லப்பெயர் பதிலாக வந்தது. அதன் பிறகுதான் ஹான்ஃபர்டுக்கு மூச்சே வந்திருக்கும்.

ஆறு நாள் பசியில் கிடந்தவரிடம் வினாடி வினா நடத்துவதா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் போர்க்கள மீட்புக் குழுக்களுக்கு இந்தக் கேள்விதான் முதல் வேலை. ஹெலிகாப்டர் கிளம்புவது அதற்குப் பிறகே.

எதிரியும் கேட்கும் அலைவரிசை

விமானத்திலிருந்து வெளியே குதிக்கும் விமானியிடம் உள்ளங்கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரு ரேடியோ இருக்கும். தேசிய சேவையில் 'சிக்னல் செட்' தூக்கித் தோள் வலித்தவர்கள் பொறாமைப்படலாம். ஓ'கிரேடி வைத்திருந்த பிஆர்சி-112 ரகக் கருவியின் எடை ஒரு கிலோகூட இல்லை.

ஆபத்துக் காலத்துக்கென்று உலகெங்கும் பொதுவான அலைவரிசைகள் உண்டு. பயணிகள் விமானங்களுக்கு 121.5 மெகாஹெர்ட்ஸ், ராணுவ விமானங்களுக்கு 243 மெகாஹெர்ட்ஸ். பறந்துகொண்டிருக்கும் பல விமானங்கள் இவற்றுக்குக் காது கொடுத்தபடியே இருக்கும். யார் உதவி கேட்டாலும் யாராவது ஒருவர் காதில் விழ வேண்டும் என்பதே நோக்கம். போர்க்களத்தில் சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. அந்த 'யாராவது ஒருவர்' எதிரியாகவும் இருக்கலாம். பேச்சைக் கேட்பதோடு அவன் விடமாட்டான். இரண்டு மூன்று இடங்களில் ஆன்டெனா வைத்து, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கோடு போட்டுப் பார்த்து, ஒளிந்திருப்பவரின் இடத்தை நெருங்கிவிடுவான்.

அதனால்தான் ஓ'கிரேடி அளந்து அளந்து பேசினார். பகலெல்லாம் புதருக்குள் முகம் புதைத்து அசையாமல் கிடந்தார். இலை, புல், எறும்பு ஆகியவைதான் உணவு. இரவில் மட்டும் நகர்ந்தார். அந்த நாள்களில் நேட்டோ விமானங்களுக்கு அவ்வப்போது 'பீப்' ஒலி கேட்டது உண்மைதான். ஆனால் வெறும் பீப் ஒலியை வைத்து, அதை எழுப்புவது விமானியா, அவரிடமிருந்து கருவியைப் பறித்தவரா என்று எப்படிச் சொல்வது?

வியட்நாம் போரில் இதற்கு ஏராளமானோர் விலை கொடுத்திருக்கிறார்கள். பிடிபட்ட விமானிகளின் ரேடியோக்களைத் தூண்டிலாக்கி, மீட்பு ஹெலிகாப்டர்களைத் துப்பாக்கி முனைக்கு வரவழைத்த சம்பவங்கள் அங்கே உண்டு. 1972 மே 10ஆம் தேதி வட வியட்நாமில் விழுந்த ரோஜர் லோச்சர் 23 நாள் காட்டில் ஒளிந்திருந்தார். கடைசியில் தலைக்கு மேல் அமெரிக்க விமானங்கள் போவதைக் கண்டு அழைத்தபோது, இத்தனை நாள் கழித்து ஒருவர் உயிரோடு இருக்க முடியுமா, இது பொறியாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் மேலே இருந்தவர்களுக்கு எழுந்தது. அவர் அவர்தான் என்று உறுதிசெய்து, ஜூன் 2ஆம் தேதி எதிரியின் விமானத்தளத்துக்கு அருகிலிருந்தே தூக்கி வந்தார்கள்.

கோல்ஃப் திடலும் பாம்பு நதியும்

அதே 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி நடந்தது இன்னும் பெரிய கதை. ஈபி-66 ரக மின்னணு வேவு விமானத்தை ஏவுகணை தாக்கியது. அதிலிருந்த ஆறு பேரில் உயிர் தப்பியவர் ஐசீல் ஹாம்பிள்டன் ஒருவரே. வயது 53. ஏவுகணை ரகசியங்கள் பல அறிந்த அதிகாரி. அவர் வான்குடையில் இறங்கியதோ, தெற்கு நோக்கிப் படையெடுத்து வந்த வட வியட்நாமியப் படையின் நட்டநடுவில்!

அவரை மீட்கச் சென்ற ஹெலிகாப்டர்களும் விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்பட்டன. ஏப்ரல் 6ஆம் தேதி விழுந்த ஒரே ஹெலிகாப்டரில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஒரு மீட்பு முயற்சியில் மொத்தம் 11 பேர் உயிரிழந்தனர். இருவர் போர்க் கைதிகளாயினர். ஒருவரைக் காப்பாற்ற 11 பேரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எனக்கும் அதற்கு எளிதான பதில் தெரியவில்லை.

வானிலிருந்து தூக்க முடியாது என்றானதும், தரைவழியாக மீட்கத் திட்டமிட்டார்கள். அதற்கு ஹாம்பிள்டன் ஆற்றங்கரை வரை தாமே நடந்து வர வேண்டும். வழி சொல்ல ரேடியோவைத் தவிர வேறு கருவி இல்லை. அதையோ எதிரியும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது, ஹாம்பிள்டன் ஒரு கோல்ஃப் பித்தர் என்பது. எந்தத் திடலில் எந்தக் குழி எந்தத் திசையில், எத்தனை கஜம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இன்ன திடலின் முதல் குழியை ஆடுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். முதலில் அவருக்கே புரியவில்லையாம். பிறகு விளங்கியது: அந்தக் குழி அமைந்திருக்கும் திசையில், அதன் நீளத்துக்கு நட. அப்படியே குழி குழியாக, கண்ணிவெடிகளையும் கிராமங்களையும் சுற்றிக்கொண்டு, இரவில் நடந்தார். ஒட்டுக்கேட்டவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். அமெரிக்கக் கோல்ஃப் திடல்கள் தெரிந்திருக்க வழியில்லை.

அதே பகுதியில் சிக்கிய இன்னொரு விமானி மார்க் கிளார்க்குக்கு வேறு சங்கேதம். அவர் ஐடஹோ மாநிலத்துக்காரர். அங்கே 'ஸ்னேக்' என்றொரு நதி ஓடுகிறது. 'ஸ்னேக்'கில் இறங்கு என்றதும், அருகிலிருக்கும் ஆற்றில் இறங்கி மிதந்து வரச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்.

இருவரையும் மீட்டவர்கள் கடற்படைச் சிறப்புப் பிரிவின் தாமஸ் நோரிஸ் தலைமையிலான சிறு குழுவினர். கடைசிக் கட்டத்தில், மீனவர் வேடத்தில் சிறு படகில் சென்று ஹாம்பிள்டனை அழைத்து வந்தவர்கள் நோரிஸும் தென் வியட்நாமிய வீரர் நுயென் வான் கியட்டும். நோரிஸுக்கு அமெரிக்காவின் உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' விருது கிடைத்தது. கியட்டுக்கு 'நேவி கிராஸ்'. இந்தக் கதையைச் சொல்பவர்கள் கோல்ஃபை மறப்பதில்லை. கியட்டின் பெயர்தான் பல நேரம் விட்டுப்போகிறது.

நான்கு இலக்கம், சில நினைவுகள்

ஒவ்வொருவருக்கும் கோல்ஃப் பைத்தியம் இருக்குமா? எனவே இதைப் படிவமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆபத்தான பகுதிக்குப் பறக்கும் முன் அமெரிக்க வீரர் ஒவ்வொருவரும் ரகசியப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் அவருக்கென ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். தன் வாழ்க்கையைப் பற்றிய சில குறிப்புகளையும் எழுத வேண்டும்: சிறுவயதில் வளர்த்த நாய், முதலில் வாங்கிய கார், இப்படி அவர் எந்த நிலையிலும் மறக்காத விஷயங்கள்.

அந்த எண்ணை முழுதாக ரேடியோவில் கேட்கவே மாட்டார்கள். எண் 4917 என்று வைத்துக்கொள்வோம். 'முதல் இலக்கத்தையும் மூன்றாம் இலக்கத்தையும் கூட்டினால்?' என்று கேட்பார்கள். 'ஐந்து' என்பது பதில். ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது ஓர் ஐந்து மட்டுமே. சொந்த வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைப் பயன்படுத்திவிட்டால், அது காற்றில் கலந்துவிட்டதாகவே கணக்கு. வேறொன்றை எழுத வேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறை கடவுச்சொல்லைப் போலத்தான்.

குரலைப் போலி செய்து, 'அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு' என்று அழைக்கும் மோசடிகள் பெருகிவிட்ட இந்நாளில், வீட்டுக்குள்ளும் இப்படியொரு ரகசியக் கேள்வி இருந்தால் நல்லதுதான்.

பேசாமலே பேசும் கருவி

கருவிகளும் சும்மா இருக்கவில்லை. பிஆர்சி-112 ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. அருகில் வரும் மீட்பு ஹெலிகாப்டர் அந்தக் குறியீட்டை அனுப்பினால், கருவி தானாகவே ஒரு நொடிப் பொழுதில் பதில் தரும். அதை வைத்துத் திசையும் தூரமும் ஹெலிகாப்டருக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாய் திறந்து பேசினால் பழைய கதைதான், யாரும் கேட்கலாம்.

2000களில் வந்த 'சீசெல்' என்ற போயிங் நிறுவனக் கருவி அந்தக் குறையையும் பெரும்பாலும் போக்கியது. ஜிபிஎஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. 'காயம் பட்டிருக்கிறேன்', 'எதிரி அருகில் இருக்கிறான்' போன்ற தகவல்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். இருக்கும் இடத்தோடு சேர்த்து, சங்கேதமாக, துணைக்கோளம் வழியாக நொடிப் பொழுதில் போய்விடும். பதிலும் எழுத்தாகவே வரும். புதருக்குள் கிடப்பவர் வாய் திறக்கத் தேவையில்லை.

ஓ'கிரேடியிடம் அந்த வசதி இல்லை. அவர் குரல் உறுதியான சில மணி நேரத்தில், ஏட்ரியாட்டிக் கடலில் நின்ற 'கியர்சார்ஜ்' கப்பலிலிருந்து சுமார் 50 மரீன் வீரர்களுடன் இரு பெரிய ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. அவற்றுக்குக் காவலாகவும் துணையாகவும் வேறு பல விமானங்கள். ஓ'கிரேடி மஞ்சள் புகையை எழுப்பி இடம் காட்டிவிட்டு, கையில் துப்பாக்கியோடு மரங்களுக்கு நடுவிலிருந்து ஓடி வந்து ஏறிக்கொண்டார். திரும்பும் வழியில் தரையிலிருந்து சுட்டார்கள். ஹெலிகாப்டருக்குள் பாய்ந்த ஒரு குண்டு, ஒரு வீரரின் தண்ணீர்க் குப்பியில் பட்டு நின்றது. யாருக்கும் காயமில்லை.

மலையேறுவோர் பையில்

இதே கேள்வி, போருக்குச் சம்பந்தமில்லாத நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. நெடுந்தூர மலையேற்றத்துக்கும் கடல் பயணத்துக்கும் போகிறவர்கள் இப்போது 'பிஎல்பி' எனும் சிறிய அபாய அறிவிப்புக் கருவியை எடுத்துச் செல்கிறார்கள். கைத்தொலைபேசிக் கோபுரமே இல்லாத இடத்திலிருந்தும் அது துணைக்கோளத்தை எட்டும். சிங்கப்பூரிலும் அச்சமிக்ஞைகளைப் பெறும் நிலையம் இருக்கிறது.

முன்பு இத்தகைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் வெறுமனே ஒலி எழுப்பின. யாருடையது என்று தெரியாது. பொய் அழைப்புகள் மலைபோல் குவிந்தன. எனவே 2009 பிப்ரவரி 1 முதல் துணைக்கோளங்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இப்போதுள்ளவை 406 மெகாஹெர்ட்ஸில், தனக்கே உரிய அடையாள எண்ணோடு அழைக்கின்றன. ஆள் இருக்கும் இடத்தை நெருங்கிய பின், கடைசித் தூரத்தைக் கடக்க மட்டும் பழைய 121.5 உதவுகிறது.

அந்த எண்ணோடு உரிமையாளரின் பெயரையும், வீட்டார் தொலைபேசி எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும். சமிக்ஞை வந்ததும் மீட்பு மையம் முதலில் செய்யக்கூடியது, அந்த வீட்டு எண்ணை அழைத்து, 'இவர் உண்மையிலேயே மலைக்குப் போயிருக்கிறாரா?' என்று கேட்பதுதான். கருவியை யாரிடமாவது பழையதாக வாங்கினால், பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். மாற்றாவிட்டால், நீங்கள் மலையில் தவித்துக்கொண்டிருக்கும்போது, அதை விற்றவரின் வீட்டில்தான் மணி அடிக்கும்.