வயிறு நிறைந்தால் போதுமா?

வயலையும் வளவையும் விட்டு வந்த நமக்கு உலையில் ஏறும் ஒவ்வொரு பிடி அரிசியும் பெறுமதியானது. அரிசி, கோதுமை மா, சீனி ஆகியவை கையில் இருந்தால் அன்றைய பாடு கழியும். ஆயினும், "மூன்று வேளையும் வயிறாறத்தான் கொடுக்கிறேன், பிள்ளை ஏன் சோர்ந்து கிடக்கிறான்?" என்று கேட்கும் தாய்மாரும் நம்மிடையே உள்ளனர். இதற்கு விடை காண, சோறு உடலுக்குள் என்னவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பயிரானது சூரிய ஒளியின் துணையுடன், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு வெல்லத்தை ஆக்குகிறது. அதையே நெல்மணியிலும் மரவள்ளியிலும் பனங்கிழங்கிலும் மாப்பொருளாகச் சேமித்து வைக்கிறது. சீனியும் மாப்பொருளும் காபோவைதரேற்று என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒரு வாய்ச் சோற்றை நன்றாக மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். உமிழ்நீர் மாப்பொருளை வெல்லமாக உடைக்கத் தொடங்குவதே இதற்குக் காரணம். சிறுகுடலில் அது குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கிறது. ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கிலோ கலோரி சக்தி தரும். மண்வெட்டி பிடிக்கும் கைக்கும், படிக்கும் பிள்ளையின் மூளைக்கும் இதுவே எரிபொருள்.

ஆனால், எரிபொருள் மட்டும் உடலைக் கட்டாது. தசை வளரப் புரதம் வேண்டும். மாப்பொருளிலிருந்து சக்தியைப் பெறுவதற்கே உயிர்ச்சத்து பி1 வேண்டும். 1890களில் யாவாத் தீவில் எய்க்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டில் இருந்த சத்து பி1 என்பது பின்னர் தெரியவந்தது. நெல்லைப் புழுக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடும். நம் முன்னோர் நெல்லை அவித்துக் குற்றியது நல்ல பழக்கமே.

ஆகவே, நாம் செய்யக்கூடியவை:

• இயன்றவரை தவிடு முற்றாக நீக்காத அரிசியை, அல்லது புழுங்கலரிசியை வாங்குவோம்.
• அரிசியைப் பலமுறை கழுவாமலும், வடித்த கஞ்சியை வெளியே ஊற்றாமலும் இருப்போம்.
• பிள்ளையின் சோற்றில் பருப்பு, கீரை, கிடைத்தால் முட்டை அல்லது சிறுமீன் சேர்ப்போம்.
• வெறும் சீனித் தேநீரை ஒரு வேளை உணவாகக் கொடாதிருப்போம்.
• சோர்வு நீங்காத பிள்ளையை மருத்துவமாதுவிடம் காட்டி நிறை பார்ப்போம்.

இருக்கும் இடம் தற்காலிகமானதாயினும், வேலியோரம் ஒரு முருங்கைத் தடியை இன்றே ஊன்றுவோம். சில மாதங்களில் பிள்ளையின் கோப்பைக்கு இலை கிடைக்கும்.