மூக்கில் குழாய்... முதல் முப்பது ராத்திரி!

'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்லி, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்து, கடைசியில் 'சிபேப்' மெஷின் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்களும் பணத்தைக் கட்டி வாங்கிவிட்டீர்கள். சரி... இப்போது அந்த மெஷின் எங்கே இருக்கிறது? கட்டில் பக்கத்திலா, பீரோ மேலேயா?

பீரோ மேலே என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

'சித்த வைத்தியருக்கு இந்த மெஷினில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். மெஷினைப் பீரோ மேலே ஏற்றியவர்களில் பல பேர் அடுத்தபடியாக வருவது எங்களிடம்தான். "இதை மாட்டிக்கிட்டுப் படுக்க முடியலை டாக்டர். இதுக்குப் பதிலா ஒரு சூரணமோ லேகியமோ குடுங்களேன்" என்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பவருக்கு, மெஷினுக்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் சூரணம் இல்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

ஏன் இல்லை? இவர்களுக்குத் தூக்கம் வராதது நோய் அல்ல. தூக்கம் தாராளமாக வருகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட வருகிறது. தூங்கிய பிறகு நடப்பதுதான் கோளாறு. தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்பக்கமாகச் சரிந்து, மூச்சு போகும் வழி அடைபட்டுப் போகிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றாலும், பெருமளவு குறைந்தாலும் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் பயமில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுந்து தொண்டையைத் திறக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதே, அது இதனால்தான். அமுக்கராச் சூரணமும் ஜாதிக்காயும் தூக்கம் வராதவர் கேட்க வேண்டியவை. மூடிக்கொள்கிற தொண்டையை அவை முட்டுக் கொடுத்து நிறுத்தாது.

மெஷின் அதைத்தான் செய்கிறது. காகித ஸ்ட்ராவில் சர்பத் குடிக்கும்போது, ஸ்ட்ரா ஊறிப்போனால் உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அப்போது உள்ளே காற்றை ஊதினால் விரிந்து கொடுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். மெஷின் தருவது ஆக்ஸிஜன் அல்ல, உங்கள் அறைக் காற்றேதான். கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், 1980-ல் வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றை வைத்து இதை முதலில் செய்து பார்த்தார். 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்பு, நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. அதை நினைத்தால் முகமூடி தேவலை என்று தோன்றுகிறதா, இல்லையா?

அண்ணாச்சி கதை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். வயது 54. பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் மணிக்கு 48 தடவை வந்திருந்தது. மெஷினை மூன்றே ராத்திரி போட்டார். நாலாம் நாள் அட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துக் கட்டிவிட்டு, மனைவியோடு என்னிடம் வந்தார்.

"மூஞ்சில புயல் அடிச்ச மாதிரி இருக்கு டாக்டர். பேரன் வேற யானை யானைன்னு சிரிக்கான்."

அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அவுக கொறட்டை விட்டா நான் தூங்கிருவேன் டாக்டர். கொறட்டை நின்னாத்தான் பயம். எந்திரிச்சு உக்காந்து, மறுபடி எப்ப மூச்சு வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வரலைன்னா தோளைப் புடிச்சு உலுக்கிருவேன். நாலு வருசமா இதே பொழப்புதான்."

கொள்முதலுக்கு மதுரைக்குப் போவதென்றால் அண்ணாச்சி தானே கார் ஓட்டுவார். "வண்டி ஓட்டும்போது கண் அசந்திருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவை கார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடிய பிறகுதான் முழித்ததாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்!

நான் மருந்து எழுதவில்லை. வீட்டுப் பாடம்தான் கொடுத்தேன். நாமாக ஓட்டும் கார் அதுவரை வேண்டாம், டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்பது முதல் நிபந்தனை.

முதல் நாலைந்து நாள் ராத்திரியை மறந்துவிட்டோம். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது, குழாய் இல்லாமல் முகமூடியை மட்டும் அரை மணி நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த சில நாள் குழாயையும் இணைத்து, மெஷினை ஓடவிட்டு, உட்கார்ந்தபடி. வாயை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும். வாயைத் திறந்து பேசினால் காற்று குபுக்கென்று வாய் வழியாக வரும், பயப்பட வேண்டாம். மெஷினை ஆன் செய்யும் பொறுப்பைப் பேரனிடமே கொடுக்கச் சொன்னேன். அன்றோடு யானைக் கிண்டல் நின்றது.

அதற்கப்புறம் மத்தியானம் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம். பகலில் தூங்காதே, இடக் கை கீழே இருக்கப் படு என்பதெல்லாம் தேரையர் சொன்ன பிணியணுகா விதி. பாளையங்கோட்டையில் அதைப் பாடமாகப் படித்துவிட்டு வந்த நானே பகல் தூக்கத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பழகும் வரைக்கும்தான் அந்தச் சலுகை. இடப்பக்கமாகப் படுக்கும் விதியை விடவில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கு சரிவது பல பேருக்கு அதிகம், ஒருக்களித்துப் படுத்தால் குறைகிறது.

பிறகுதான் ராத்திரி. நடு ராத்திரியில் தன்னை அறியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். முழிப்பு வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள், போதும். குறைந்தது நாலு மணி நேரம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் முதல் படி. தூங்கும் நேரம் முழுவதும் என்பது இலக்கு. எத்தனை மணி நேரம் போட்டீர்கள், காற்று எவ்வளவு ஒழுகியது, மூச்சு இன்னும் எத்தனை தடவை தடைப்படுகிறது என்பதெல்லாம் மெஷினிலேயே பதிவாகிறது. டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டுங்கள். 'நல்லாத்தான் போடுறேன்' என்ற பேச்சு அங்கே செல்லாது!

முப்பதாம் ராத்திரி அண்ணாச்சிக்கு ஐந்தரை மணி நேரம் பதிவாகியிருந்தது. "சத்தமே இல்லையா, அதுவே எனக்கு முழிப்பு குடுத்துருச்சு டாக்டர். மாஸ்க் ஓட்டை கிட்ட கையை வெச்சுப் பாத்தேன். காத்து வந்துச்சு. படுத்துக்கிட்டேன்" என்றார் அந்த அம்மா.

கண்ணில் காற்று, வாயில் வறட்சி

முகமூடி ஒழுகினால் எல்லோரும் செய்வது வாரை இறுக்குவது. இறுக்க இறுக்க மூக்குத் தண்டில் புண்தான் வரும். ரப்பர் மெத்தை காற்றில் லேசாக உப்பி முகத்தில் உட்கார வேண்டும். அதனால் மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில் வாரைச் சரிசெய்யுங்கள். கண்ணாடி முன் நின்று சரிசெய்தால் படுத்ததும் மாறிவிடும். அப்படியும் ஒழுகினால் அளவு தப்பு. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளைகளில் உட்காருவது, மூக்கு வாய் இரண்டையும் மூடுவது என்று மூன்று வகை இருக்கிறது. அடர்த்தியான மீசைக்காரர்களுக்குத் துளையில் உட்காருவது பெரும்பாலும் ஒத்துவரும். பல் செட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பவர்கள், கழற்றிய பிறகே அளவு பாருங்கள்.

காலையில் நாக்கு மரக்கட்டை மாதிரி இருந்தால், வாய் திறந்து காற்று போகிறது என்று அர்த்தம். ஈரப்பதம் சேர்க்கும் பகுதியைக் கூட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் வாயையும் மூடும் முகமூடி. மாறாக, ஏ.சி. குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து மூக்கில் சொட்டுகிறதா? ஈரப்பதத்தைக் குறைத்து, குழாய்க்கு ஒரு துணி உறை போட்டு, மெஷினைக் கட்டில் உயரத்துக்குக் கீழே வையுங்கள். தரையில் வேண்டாம், தூசி இழுக்கும். சின்ன முக்காலி போதும்.

ஆரம்பத்தில் காற்று போதவில்லை என்று மூச்சு முட்டுபவர்கள் உண்டு. காற்று அதிகம், வெளியே மூச்சு விட முடியவில்லை என்பவர்களும் உண்டு. மெதுவாகத் தொடங்கி ஏறும் வசதி, மூச்சு விடும்போது அழுத்தம் தணியும் வசதி இரண்டும் பல மெஷின்களில் இருக்கின்றன. வயிறு உப்பிப் போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அழுத்தத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று சில வார்த்தை... தண்ணீர்த் தொட்டியில் நீலகிரித் தைலமோ, ஓமமோ, பச்சைக் கற்பூரமோ போடாதீர்கள்! 'நல்லா மணமா இருக்கும்னு நாலு சொட்டு விட்டேன்' என்று இரண்டு பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போவது நல்லதல்ல, மெஷினும் கெடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், தினமும் மாற்றுங்கள். படுக்கை அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் முகமூடி வழுக்கும். முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள். காலையில் முகமூடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

"கரன்ட் போனா மூச்சு முட்டிச் செத்துருவேனா?" இந்தக் கேள்வி வராத நாளில்லை. மாட்டீர்கள். முகமூடியில் காற்றுத் துளைகள் இருக்கின்றன. வாயையும் மூடும் வகையில், மெஷின் நின்றதும் திறந்துகொள்ளும் வால்வும் இருக்கிறது. முழிப்பு வரும், கழற்றிவிட்டுப் படுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் இதற்குத் தாராளம். அப்போது தண்ணீர்ச் சூட்டை நிறுத்திவிட்டால் பேட்டரி இன்னும் நீண்ட நேரம் நிற்கும்.

சங்கு ஊதினால் போதுமா?

2025-ல் ஜெய்ப்பூரிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 30 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை ஆறு மாதம் சங்கு ஊத வைத்தார்கள். மூச்சுத்தடை மணிக்கு நாலைந்து தடவை குறைந்தது. பகல் அசதியும் குறைந்தது. எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணாச்சியின் 48-ல் ஐந்தைக் கழித்தால் 43. அதுவும் கடுமைதான். ஊதட்டும், மெஷினையும் போடட்டும்.

மெஷின் பக்கமும் மிகைப்படுத்தக் கூடாது. 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் 2,700 பேருக்கு மேல் இருந்தார்கள். மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் மெஷின் போட்டது ராத்திரிக்குச் சராசரி 3.3 மணி நேரம்தான்! முழு ராத்திரியும் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது வேறு கேள்வி. பகலில் தெளிவாக இருப்பதும், ரோட்டில் கண் அசராமல் இருப்பதும் நிச்சயப் பலன். எனக்கு அதுவே போதுமான காரணம்.

சித்த மருத்துவத்தில் நான் செய்வது மெஷினுக்குப் பக்கபலம். மூக்கடைப்பு இருந்தால் முகமூடி வேலை செய்யாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறேன். மூக்குத் தண்டு வளைந்திருந்தால் இ.என்.டி. டாக்டரிடம் அனுப்புகிறேன். நசியம் வேண்டுமென்றால் வைத்தியர் கையால், காலையில். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்பு, அரை வயிறு. தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, மதுவைத் தொடவே கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். எடை குறைந்தால் நோயும் குறையும். சிலருக்கு மெஷினே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அதை மறு பரிசோதனைதான் சொல்ல வேண்டும். 'இப்ப நல்லா இருக்கேன்' என்று நீங்களே நிறுத்தினால், சில நாளிலேயே பழைய கதை. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், உங்கள் டாக்டர் குறைத்தால் குறையட்டும்.

வெளியூர் போனால் மெஷினும் கூடவே போக வேண்டும். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர். லாட்ஜில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும்! எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், சின்னக் கட்டி எடுப்பதாக இருந்தாலும், 'எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது, மெஷின் போட்டுத்தான் தூங்குகிறேன்' என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிப் பையில் வேட்டி, துண்டோடு மெஷினையும் எடுத்து வையுங்கள்.