மின்தடை பூஜ்யம், இழப்பு பூஜ்யமல்ல

1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது, 4.2 கெல்வின் அருகே அதன் மின்தடை சட்டென்று மறைந்துபோனது. இப்படித் தடையின்றிக் கடத்தும் மீக்கடத்தியில் இழப்பே கிடையாது என்று அன்றிலிருந்து படித்து வருகிறோம். ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்துக்கு அது சரி. நொடிக்கு 500 கோடி முறை அதிரும் மைக்ரோ அலைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

குவாண்டம் கணினிச் சில்லுகளில் சமிக்ஞை இந்த அதிர்வெண்ணில்தான் பயணிக்கிறது. சிலிக்கான் அல்லது நீலக்கல் தகட்டின்மேல் படியவைத்த அலுமினியம், நையோபியம் கோடுகளே அதற்குப் பாதை. ஒரு முனையில் செலுத்தி மறுமுனையில் எவ்வளவு வந்தது என்று பார்க்கலாமே என்றால், அது பலிக்காது. கோட்டின் இழப்பு அவ்வளவு சொற்பம். வெளியே உள்ள கேபிள்களும் இணைப்புகளும் தின்பது அதைவிடப் பல மடங்கு.

அதனால், கோட்டில் ஒரு துண்டை மட்டும் தனியே பிரித்து, ஒத்ததிர்வியாக அமைக்கிறார்கள். கோயில் மணியைத் தட்டிவிட்டு ரீங்காரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பதைப் போன்ற சோதனை இது. அதிர்வெண்ணை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், வெளிவரும் சமிக்ஞையில் ஓர் இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் எவ்வளவு குறுகலோ இழப்பும் அவ்வளவு குறைவு. அந்தக் குறைவைக் காட்டும் எண்ணான தரக்காரணி 10 லட்சம் என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 30 மைக்ரோநொடி தாக்குப்பிடிக்கும்.

வேடிக்கை இனிமேல்தான். சமிக்ஞையை ஒற்றை ஃபோட்டான் அளவுக்குக் குறைத்தால், இழப்பு கூடுகிறது! ஒரு கெல்வினுக்கும் கீழே இன்னும் குளிர்வித்தாலும் கூடுகிறது. செப்புக் கம்பியில் இப்படி நடக்காது.

குற்றவாளி உலோகமல்ல, அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் படிந்த ஆக்சைடு. ஒழுங்கற்ற அந்தப் படலத்தில் சில அணுக்கள் இரண்டு நிலைகளுக்கிடையே ஊசலாடி, அலையின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. வலுவான சமிக்ஞையோ வெப்பமோ இருந்தால் அவை ஏற்கெனவே நிறைந்துவிடும். மேற்கொண்டு உறிஞ்ச இடமிருக்காது. மின்காப்புப் பொருள்களில் ஒளிந்திருக்கும் இந்தத் திருடனை இயற்பியலாளர் ஜான் மார்ட்டினிஸின் குழு 2005-இல் அடையாளம் காட்டியது. ஆகவே மெலிந்த சமிக்ஞையில் அளக்காத தரக்காரணி வெறும் விளம்பரம்.

பரிகாரம் பெரும்பாலும் சுத்தம்தான். உலோகம் படியவைக்கும் முன் சிலிக்கானை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவுகிறார்கள். கோடுகளின் இடைவெளியில் பள்ளம் செதுக்குகிறார்கள். மீக்கடத்தியில் சிறைப்பட்டு இழப்பைக் கூட்டும் காந்தச் சுழல்களைத் தடுக்கக் காந்தக் கவசம் தனி. 2021-இல் பிரின்ஸ்டன் குழு நையோபியத்துக்குப் பதில் டான்டலத்தைப் பயன்படுத்தி, குவாண்டம் கணினியின் தகவல் அலகான கியூபிட்டின் ஆயுளை 0.3 மில்லிநொடிக்கு மேல் நீட்டித்தது.

சூரிச் தொழில்நுட்பக் கழகத்தார் வேறு வழியில் போனார்கள். இரண்டு கியூபிட்களை 30 மீட்டர் நீள அலுமினிய அலைக்குழாயால் இணைத்து, அவற்றின் குவாண்டம் பிணைப்பைச் சரிபார்க்கும் பெல் சோதனையின் முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழாய்க்குள் வெற்றிடம்தான். அலையை உறிஞ்ச மின்காப்புப் பொருள் அங்கே ஏறக்குறைய கிடையாது.