நீக்கிய பின்னும் நிற்கும் பெயர்கள்

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972ஆம் ஆண்டு பினாங்கில் அமைத்தது. சில்லுகளைச் செய்து உலகிற்கு அனுப்பும் மாநிலம்தான் நம் பினாங்கு. ஆனாலும், ஜோர்ஜ் டவுன் வீடுகள் பலவற்றில் ஒரே கணினியைத்தான் அண்ணன், தங்கை, பெற்றோர் என அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். அண்ணன் விளையாடி அலுத்துப்போன விளையாட்டைத் தங்கை நீக்குகிறாள். மறுநாள் செயலிப் பட்டியலைத் திறந்தால் அதன் பெயர் அப்படியே நிற்கிறது. சொடுக்கினால் விளையாட்டு திறப்பதில்லை. மீண்டும் நீக்க முயன்றாலும் பெயர் போவதில்லை. இஃது ஏன்?

ஒரு விளையாட்டைக் கணினியில் நிறுவும்போது, அது ஓரிடத்தில் மட்டும் குடியேறுவதில்லை. படங்களும் ஒலிகளும் நிரல்களும் ஒரு கோப்புறையில் அமர்கின்றன. தொடக்கப் பட்டியலில் ஒரு குறுவழி தோன்றுகிறது. நாம் எந்தக் கட்டம் வரை வென்றோம் என்னும் சேமிப்புக் கோப்பு, பயனரின் கோப்புறைக்குள் வேறோர் இடத்தில் இருக்கும். இவற்றோடு, விண்டோஸ் இயங்குதளத்தின் பதிவகத்திலும் விளையாட்டின் பெயர் எழுதப்படுகிறது.

பதிவகம் என்பது கணினியின் பெயர்ப் பதிவேடு. முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்பு விவரங்களைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதி வைத்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் பதிவகம் சிறிய அளவில் அறிமுகமானது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 அதனை விரிவாக்கி, பெரும்பாலான விவரங்களை அங்கே சேர்த்தது. வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார். பதிவேட்டில் அவர் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஆசிரியர் நாள்தோறும் அப்பெயரை அழைப்பார், பதில் வராது. செயலிப் பட்டியலில் நிற்கும் விளையாட்டின் பெயரும் இப்படிப்பட்டதே.

இதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். விளையாட்டின் கோப்புறையை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். கோப்புறை போய்விடும், பதிவேட்டில் உள்ள பெயரோ போகாது. முறையாக நீக்கினாலும் சில மீதமாகும். நீக்கும் நிரலுக்கு, நிறுவும்போது வைத்த கோப்புகள் மட்டுமே தெரியும். பிறகு விளையாட்டு தானாக உருவாக்கியவற்றை அது தொடாமல் விட்டுவிடலாம். சேமிப்புக் கோப்புகளை வேண்டுமென்றே விட்டுச்செல்லும் விளையாட்டுகளும் உண்டு. அடுத்த விடுமுறையில் மீண்டும் நிறுவினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா?

மேலும், எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது ஆபத்தாகவும் முடியும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் பங்கி நிறுவனம் 'மித் 2' என்னும் விளையாட்டை வெளியிட முனைந்தது. அதன் நீக்கும் நிரல், விளையாட்டு இருந்த கோப்புறையை முழுவதுமாக அழித்தது. ஒருவர் அதனை வன்தட்டின் முதல் நிலையிலேயே நிறுவியிருந்தால், வன்தட்டில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும். பிழை தெரிந்ததும், அனுப்பிவிட்ட வட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற்றது. சில மீதங்களை விட்டுச்செல்லும் நிரல், இத்தகைய நிரலைவிட எவ்வளவோ மேல்.

சரி, நிற்கும் பெயரை எப்படி அகற்றுவது? முதலில் 'கண்ட்ரோல் பேனல்' வழியாகச் சென்று அப்பெயரை நீக்க முயலுங்கள். விளையாட்டு ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம் என்றும், பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்றும் விண்டோஸ் கேட்கக்கூடும். ஆம் என்றால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால், அதே விளையாட்டை மீண்டும் நிறுவி, முறைப்படி நீக்குங்கள். சுற்றுவழியாகத் தோன்றினாலும், பாதுகாப்பான வழி இதுவே.

பதிவகத்தில் நேரடியாகக் கைவைப்பது கடைசி வழி. அதில் 'அன்இன்ஸ்டால்' என்றொரு கிளை உண்டு. அதன்கீழ் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு கிளை இருக்கும். சில கிளைகளுக்குப் பெயருக்குப் பதிலாக நீண்ட எண்ணும் எழுத்துமே இருக்கும் என்பதால், உள்ளே காணப்படும் விளையாட்டின் பெயரைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அழிக்கும் முன் அக்கிளையின் நகலை வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். பதிவகத்தில் தவறுதலாக அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க முடியாது. தவறான கிளை போனால் கணினி தொடங்காமலே போகலாம். அந்தக் கணினியில்தான் தங்கையின் பள்ளி இடுபணியும் அம்மாவின் கணக்குகளும் இருக்கின்றன. ஆகவே, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது செய்வதே நல்லது.

உண்மையில், ஒரு பழைய பெயர் பதிவகத்தில் எடுக்கும் இடம் மிகமிகச் சிறியது. கணினி மெதுவாவதற்கு அது காரணமன்று. கண்ணை உறுத்தவில்லையென்றால் விட்டுவிடலாம். பதிவகத்தைத் துப்புரவு செய்து கணினியை வேகமாக்குவோம் என்னும் விளம்பரங்களை நம்பி எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. 2017இல், பலரும் நம்பிப் பயன்படுத்திய 'சிகிளீனர்' என்னும் துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே திருடர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டனர். ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அப்பதிப்பைப் பயன்படுத்தியிருந்தனர். இடம்தான் வேண்டுமென்றால், மிஞ்சிக் கிடக்கும் கோப்புறைகளைத் தேடுங்கள். பெரிய விளையாட்டுகளின் மீதம் பல கிகாபைட் இருக்கலாம்.

பட்டியலில் தெரியாத மீதம் ஒன்றும் உண்டு. இணையவழி விளையாட்டுகளுக்கு நாம் தொடங்கிய கணக்கு நம் கணினியில் இல்லை; அது நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. விளையாட்டை நீக்கினாலும் அக்கணக்கு மூடப்படுவதில்லை. அப்பாவின் வங்கி அட்டை எண்ணை அதில் ஒருமுறை சேமித்திருந்தால், அது அங்கேயே இருக்கும். பழைய கணினியை விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ எண்ணும் குடும்பத்தினர், முதலில் அக்கணக்கினுள் சென்று அட்டை எண்ணை அகற்ற வேண்டும். பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பட்டியலில் நிற்கும் பெயரை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.