இணைய வழியில் மாண்டலின்

மாற்றலாகி நாக்பூர் வந்தபோது மகளின் மாண்டலின் பாடம் நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டேன். சென்னை ஆசிரியரிடமே இணைய வழியில் பாடம் தொடர்கிறது. சங்க அன்பர்கள் பலர் விசாரிப்பதால் சில விவரங்கள்:

சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடிகளாக எட்டுத் தந்திகள். ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது கடினம். யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். பிள்ளைகளுக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியமே வாங்குங்கள்.

இணையத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே சேரும். இருவரும் சேர்ந்து வாசிக்க இயலாது. ஆசிரியர் ஒரு சங்கதி வாசித்து நிறுத்துவார். மகள் திருப்பி வாசிப்பாள்.

இரைச்சலை நீக்கும் வசதி, தம்புரா ஒலியையும் இரைச்சலென்று எண்ணி விழுங்கிவிடும். அதை அணைத்துவிடுங்கள். கேமரா முகத்தை அல்ல, இடக்கை விரல்களைக் காட்டட்டும். கமகம் பிறப்பது அங்கேதான்.

கணினி ஒலியளவைத் தானே சமன்செய்வதால், மீட்டின் அழுத்தம் ஆசிரியருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, உறவினர் வீடுகளுக்கு முன் ஆசிரியர் வீட்டுக்குச் செல்லுங்கள். சில நாட்கள் நேரில் அமர்ந்து வாசித்தால்தான் கை திருந்தும்.