சாம்பலால் வெளுத்த நீலப்பூ

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் போனவங்க வேலியோரம் பந்து பந்தாகப் பூத்து நிற்கும் ஹைட்ராஞ்சியாவைப் பார்த்திருப்பீங்க. ஜப்பான் நாட்டுச் செடி. மலைக் குளிரும் அமில மண்ணும் அதற்கு ஒத்துப்போச்சு. சமவெளி வெயிலுக்குத் தாங்காது.

எங்க வாசல் செடி நல்ல நீலமாகப் பூக்கும். 'இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டா என்ன?' என்று அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டுத் தூளையும் இரண்டு வருஷம் தூரில் கொட்டினேன். பூ வெளுத்து இளஞ்சிவப்பாச்சு. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். அலுமினியம் சல்பேட் வாங்கக் கடைக்குக் கிளம்பியவன், ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன்.

நீல நிறத்தைக் கொடுப்பது மண்ணில் இருக்கும் அலுமினியம். கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால் வேர் அதை எடுக்கும்; பூ நீலம். 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும், பூ இளஞ்சிவப்பு. நடுவில் இருந்தால் ஊதா. சாம்பலும் முட்டை ஓடும் சுண்ணாம்புத் தன்மை உள்ளவை. மண்ணின் அமிலம் குறைந்ததும் இரும்புச்சத்தும் கிடைக்காமல் போச்சு. இலை மஞ்சளானது அதனால்தான். எலும்புத் தூளிலுள்ள மணிச்சத்தும் அலுமினியத்தைப் பிடித்துவைக்கும். வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாகாது.

சாம்பலை நிறுத்தினேன். இப்போது செய்வது இவ்வளவுதான்:

• பால், சர்க்கரை போகக் கழுவிய டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல், காய்ந்த இலை, சாணம் எல்லாவற்றையும் சேர்த்து மட்கவைப்பேன். நன்றாக மட்கியதில் ஒரு கூடை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, செடியைச் சுற்றிப் போடுவேன். பச்சைச் சாணம் வேண்டாம், வேர் வெந்துபோகும்.

• அதன்மேல் இலைதழை மூடாக்கு. வேர் மேலாக ஓடும் செடி. ஈரம் காய்ந்தால் உடனே துவண்டுவிடும்.

• துளிர்விடும் காலத்தில் மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி, 15 நாளுக்கு ஒரு தடவை. மொட்டு தெரிந்ததும் நிறுத்திடணும். தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

• கவாத்து, பூத்து முடிந்த கையோடு. தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த பருவத்து மொட்டும் சேர்ந்து போயிடும். வெட்டிய தழையை ஆடு மாட்டுக்குப் போடாதீங்க, அதில் நஞ்சு உண்டு.

நீலம் ஒரே மாதத்தில் திரும்பவில்லை. முதலில் இலை பச்சையாச்சு; பிறகு ஊதா; அதற்கடுத்த பருவத்தில்தான் பழைய நிறம்.

நீங்களும் ஒரே செடியில் இரண்டு குச்சி வெட்டி, இரண்டு தொட்டியில் வையுங்க. ஒன்றுக்குக் கொஞ்சம் சாம்பல், மற்றதுக்கு டீத்தூள் மட்கு. பூக்கும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்க. எந்த உரம் மண்ணை என்ன செய்யுதுன்னு கண்ணாலேயே தெரியும்.